சொல்லும் சூழலும்: இமாம் அப்துல் காஹிர் ஜுர்ஜானி

அரபிக் கல்லூரிகளில் நஹ்வு என்னும் தொடரிலக்கணத்தைத் தொடங்கும் மாணாக்கர் ஓதும் சிறு நூல்களுள் ஒன்று, நூறு ஆமில்களைத் தொகுத்துரைக்கும் 'அல்அவாமிலுல் மிஆ' என்பதாகும். தர்ஸே நிஸாமி பாடமுறையைத் தழுவிய மத்ரஸாக்களில் இந்நூலோ இதன் உரையோ தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்து வந்துள்ளது. எச்சொல் வந்தால் அடுத்த சொல்லின் ஈற்றுயிர் எவ்வாறு மாறும் என்று எண்ணிக் காட்டும் அந்நூல் மனப்பாடத்திற்கென்றே அமைந்தது. அதனை இயற்றியவர் இமாம் அப்துல் காஹிர் ஜுர்ஜானி (ரஹ்) அவர்கள். ஈற்றுயிரைக் கற்பித்த அதே ஆசிரியர், மொழியில் பொருள் எங்கே பிறக்கிறது என்னும் பெருவினாவை எழுப்பி, அதற்கு விடையாக இரண்டு பெருநூல்களைச் செய்தார் என்பது அச்சிறு நூலை ஓதியோருள்ளும் பலர் அறியாத செய்தி.

இற்றை மொழியியலார் பொருளாராய்ச்சியை இரு கூறாக்குவர். சொல்லும் தொடரும் தம்மளவில் தரும் பொருளை ஆராய்வது சொற்பொருளியல். அத்தொடரை இன்னார், இன்னாரிடம், இன்ன நிலையில் கூறுங்கால் விளையும் பொருளை ஆராய்வது சூழற்பொருளியல். முன்னதற்கு அகராதியும் இலக்கணமும் துணை. பின்னதற்குப் பேசுவோன் கருத்தும் கேட்போன் நிலையும் துணை. இவ்விரண்டும் கைகோத்தாலன்றிப் பொருள் முற்றுப்பெறாது என்னும் உண்மை மேலைநாட்டு மெய்யியலில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அழுத்தம் பெற்றது. ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜுர்ஜானியின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் இவ்வுண்மையைச் சுற்றியே அமைந்தது.

காஸ்பியன் கடலின் தென்கிழக்கில், இன்றைய ஈரான் நாட்டின் வடபகுதியில் இருந்த நகரம் ஜுர்ஜான். பாரசீக வழக்கில் அது குர்கான் எனப்படும். இன்று குர்கான் என்று வழங்கும் நகரம் பழைய அஸ்தராபாத் ஆகும். ஜுர்ஜானி பிறந்த பழைய நகரம் கும்பதே காவூஸ் என்னும் ஊரின் அருகே சிதைந்து கிடக்கிறது. ஸியாரித் மரபைச் சேர்ந்த காபூஸ் இப்னு வஷ்ம்கீர் என்னும் மன்னர் கி.பி. 1006இல் எழுப்பிய 53 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம் மட்டும் அங்கே இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. அம்மன்னரின் அவையில் அல்பிரூனி இருந்தார். காபூஸின் மறைவை ஒட்டி அந்நகருக்கு வந்த இப்னு ஸீனா, தம் புகழ்பெற்ற மருத்துவப் பெருநூலை அங்கேதான் எழுதத் தொடங்கினார். அத்தகைய நகரில் பாரசீகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் நம் இமாம். அவர் பிறந்த ஆண்டை வரலாற்று நூல்கள் உறுதியாகக் குறிக்கவில்லை. அவர் வாழ்நாளிலேயே, 1041 அளவில், நகரம் ஸல்ஜூக்கியர் கைக்கு மாறியது.

ஜுர்ஜானி என்னும் ஊர்ப்பெயரால் அறியப்பட்டோர் பலர் ஆதலின் மயக்கம் நேர்வதுண்டு. 'அல்வஸாத்தா' என்னும் திறனாய்வு நூலை எழுதிய காழி அலீ ஜுர்ஜானி இவருக்கு முற்பட்டவர். 'அத்தஃரீஃபாத்' என்னும் கலைச்சொல் விளக்க நூலைத் தந்த ஸய்யித் ஷரீஃப் ஜுர்ஜானி இவருக்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு பிற்பட்டவர். நாம் பேசுவது அபூபக்ர் அப்துல் காஹிர் இப்னு அப்துர் ரஹ்மான் என்னும் ஜுர்ஜானியைப் பற்றி.

கல்வி தேடி ஊர் ஊராக அலைவதே அக்கால அறிஞர்க்கு இலக்கணம். பக்தாதையும் பஸ்ராவையும் காணாதவன் இலக்கணம் அறிந்தவன் ஆகான் என்று கருதிய காலம் அது. அப்துல் காஹிரோ தம் ஊரை விட்டுப் புறப்படவேயில்லை. பேரிலக்கணப் புலவர் அபூஅலீ ஃபாரிஸியின் மருகரான அபுல் ஹுஸைன் ஃபாரிஸி ஜுர்ஜானில் வந்து தங்கியிருந்தார். அவர் ஒருவரிடமே அப்துல் காஹிர் நஹ்வு கற்றார் என்பர். ஆசிரியரின் மாமன் எழுதிய 'அல்ஈழாஹ்' என்னும் இலக்கண நூலுக்கு ஏறத்தாழ 30 பாகங்களில் 'அல்முஃக்னீ' என்னும் பேருரை வரைந்தார். பின்னர் அதனைச் சுருக்கி 'அல்முக்தஸித்' என்று தந்தார். பேருரை மறைந்து போயிற்று; சுருக்கம் நிலைத்தது. நூறு ஆமில்களின் நூலும் 'அல்ஜுமல்' என்னும் நூலும் இவ்விலக்கணப் பணியின் கிளைகள். ஊரை விட்டு அகலாத அவரை நாடி மற்றவர்கள் ஜுர்ஜானுக்கு வரலாயினர்.

ஃபிக்ஹில் ஷாஃபிஈ மத்ஹபையும் கொள்கை விளக்கத்தில் அஷ்அரீ நெறியையும் அவர் பின்பற்றினார். அவருடைய இயல்பைக் காட்டும் ஒரு செய்தியை வரலாற்றாசிரியர்கள் விடாமல் குறிப்பர். அவர் தொழுதுகொண்டிருந்தபோது கள்வன் ஒருவன் வீட்டுள் புகுந்து அகப்பட்டவற்றையெல்லாம் வாரிச் சென்றான். இமாம் கண்டார், தொழுகையை முறிக்கவில்லை. அறிவுக்கு மதிப்பில்லாத காலம் இது என்று நொந்து பாடிய கவிதைகள் சிலவும் அவர் பெயரால் வழங்குகின்றன. பொருளிழப்பைப் பொறுத்தவர் அறிவிழப்பைப் பொறுத்தாரல்லர் என்று இவ்விரு செய்திகளையும் சேர்த்து எண்ணத் தோன்றுகிறது.

அவ்வறிவிழப்பு யாது? அவருடைய 'தலாயிலுல் இஃஜாஸ்' என்னும் நூலின் தொடக்கமே இதற்கு விடை. கவிதையை வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்களும், நஹ்வை வெறும் ஈற்றுயிர்ச் சிக்கல் என்று இகழ்ந்தவர்களும் அவர் காலத்தில் மிகுந்திருந்தனர். இறைவேதத்தை அறிய இவை எதற்கு என்பது அவர்கள் வாதம். இமாம் இதனைக் கடுமையாக எதிர்த்தார். திருக்குர்ஆன் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட அற்புதம் என்று நம்புகிறவன், அது எதனால் அற்புதம் என்று கேட்கப்பட்டால் என்ன சொல்வான்? அரபுச் சொற்களின் நயத்தையும் தொடரமைப்பையும் அறியும் வாயிலை அடைத்துவிட்டு, பிறர் சொல்லக் கேட்டதையே சான்றாகக் கொள்வது அறிவுடையோர்க்கு அழகாகுமா? கவிதையையும் இலக்கணத்தையும் இகழ்வது, வேதத்தை அறியும் வழியையே தூர்ப்பதாகும் என்பது அவர் துணிபு.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கைச் சுருக்கமாக அறிதல் நலம். திருக்குர்ஆனின் ஒப்பற்ற தன்மை எதில் உள்ளது என்பது குறித்து ரும்மானி, கத்தாபி, பாகில்லானி முதலியோர் அவருக்கு முன்பே நூல்கள் எழுதியிருந்தனர். அழகு சொல்லில் உள்ளதா, கருத்தில் உள்ளதா என்னும் வாதம் அதற்கும் மூத்தது. கருத்துகள் எல்லார்க்கும் பொதுவாக வழியில் இறைந்து கிடப்பவை. வேறுபாடு சொல்லாட்சியிலேதான் என்ற கருத்தை ஜாஹிள் 9ஆம் நூற்றாண்டிலேயே வெளியிட்டிருந்தார். இதனைப் பிடித்துக்கொண்டு, சிறப்பெல்லாம் சொல்லின் ஒலியிலும் தேர்விலும் உள்ளது என்றனர் ஒரு சாரார். மற்றொரு சாரார் கருத்தே எல்லாம், சொல் வெறும் ஆடை என்றனர்.

ஜுர்ஜானி இரு சாராரையும் மறுத்தார். சொல்லிலே அற்புதம் என்றால், அச்சொற்கள் யாவும் வேதம் அருளப்பெறுவதற்கு முன்பே அரபியர் நாவில் வழங்கியவைதாமே! கருத்திலே அற்புதம் என்றால், அதே கருத்தை வேறு சொற்றொடரில் சொன்னாலும் அதே தன்மை இருக்க வேண்டுமே! இரண்டுமன்றி மூன்றாவதாக ஒன்றை அவர் நிறுவினார். அதற்கு அவர் இட்ட பெயர் நள்ம். மணிகளைக் கோத்தல் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். சொற்களை நஹ்வின் பொருளுறவுகளுக்கு ஏற்பக் கோப்பதே நள்ம் என்று அவர் வரையறுத்தார். நள்ம் என்ற சொல்லை அவருக்கு முன்னரும் ஆண்டனர்; ஆயினும் அதற்குள் இலக்கணத்தைப் புகுத்தி ஆராய்ச்சிக் கருவியாக்கியவர் அவரே.

எழுத்துகளின் கோவைக்கும் சொற்களின் கோவைக்கும் அவர் காட்டும் வேறுபாடு நுட்பமானது. அடித்தல் என்னும் பொருளுக்கு அரபியில் ழரப என்று சொல் அமைந்துள்ளது. மொழியை முதலில் வகுத்தவர் அவ்வெழுத்துகளையே முன்பின்னாக மாற்றி ரபழ என்று அமைத்திருந்தாலும் குடி முழுகிப் போயிராது. எழுத்துகளின் வரிசைக்கு அறிவு காரணம் அன்று, வழக்கே காரணம். சொற்களின் வரிசை அத்தகையதன்று. உள்ளத்தில் கருத்துகள் எவ்வாறு அடுக்கப்பெறுகின்றனவோ அவ்வாறே சொற்கள் நாவில் அடுக்கப்பெறும். ஒரு சொல்லை இடம் மாற்றினால் கருத்து மாறும். ஆகவே தனிச்சொல்லை எடுத்து அழகியது, அழகற்றது என்று தீர்ப்பளித்தல் பொருந்தாது என்றார். கழுத்து நரம்பைக் குறிக்கும் அக்தஃ என்னும் ஒரே சொல், புஹ்துரியின் கவிதையில் இனிப்பதையும் அபூதம்மாமின் கவிதையில் உறுத்துவதையும் எடுத்துக்காட்டி இதனை மெய்ப்பித்தார். சொல் ஒன்றே; அமர்ந்த இடம் வேறு.

இனி, கேட்போன் நிலைக்கு வருவோம். சூழற்பொருளியலின் வித்து முழுவதும் அடங்கியதாக நான் கருதும் ஒரு நிகழ்ச்சியை இமாம் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். மெய்யியலறிஞர் கிந்தீ ஒருநாள் அபுல் அப்பாஸ் என்னும் இலக்கண அறிஞரிடம் வந்தார். முபர்ரத் என்று புகழ்பெற்றவரே இவர் என்பது பலர் கருத்து. அரபியர் பேச்சில் வெற்றுச் சொற்கள் மலிந்துள்ளன என்பது கிந்தீயின் குறை. அப்துல்லாஹ் நிற்கிறார் என்று ஒருமுறை சொல்கிறார்கள். அதனையே இன்ன என்னும் இடைச்சொல்லைச் சேர்த்து மறுமுறை சொல்கிறார்கள். பின்னர் இன்னவோடு லாம் என்னும் எழுத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதானே, கூட்டியவை வீண்தானே என்று அவர் வினவினார்.

அபுல் அப்பாஸ் மறுத்தார். முதலாவது தொடர் ஒன்றும் அறியாதவனுக்குச் செய்தி சொல்வது. இரண்டாவது, நிற்கிறாரா என்று கேட்டவனுக்கு விடை. மூன்றாவது, நிற்கவில்லை என்று மறுத்தவனுக்கு மறுப்பு. கிந்தீயிடம் மறுமொழி இல்லை. கிந்தீ போன்ற பேரறிஞருக்கே இந்நுட்பம் புலப்படவில்லை என்றால் பொதுமக்களைப் பற்றி என்ன சொல்வது என்று இமாம் வியக்கிறார்.

கிந்தீ எங்கே வழுவினார் என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் தொடர்களை உண்மை, பொய் என்னும் அளவுகோலால் மட்டும் அளந்தார். அப்துல்லாஹ் நின்றால் மூன்றும் உண்மை; நிற்காவிட்டால் மூன்றும் பொய். சொற்பொருளியலின் அந்த அளவுகோலில் மூன்றும் ஒன்றே. தொடர் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்ற கேள்வி எழுந்தவுடன் மூன்றும் பிரிந்து நிற்கின்றன. ஆயினும் அப்பிரிவைக் காட்டுபவை இன்ன, லாம் என்னும் இலக்கணக் கூறுகளே என்பதையும் மறக்கலாகாது. சூழல் தொடருக்கு வெளியே தனியாக நிற்பதன்று. தொடரின் உள்ளேயே தன் தடத்தைப் பதித்துச் செல்கிறது. ஜுர்ஜானியின் ஆராய்ச்சிக்கு வலிமை தருவது இந்த நோக்கே.

ஜைது புறப்பட்டான் என்னும் எளிய செய்தியை எடுத்துக்கொண்டு அவர் விரிக்கும் பகுதி படிக்குந்தோறும் சுவை தருவது. ஜைதுன் முன்தலிகுன் என்றால், யாரேனும் புறப்பட்டார்களா என்பதையே அறியாதவனுக்குச் சொல்வது. இரண்டாம் சொல்லுக்கு அல் என்னும் சுட்டை முன்னொட்டி ஜைதுனில் முன்தலிகு என்றால், எவனோ ஒருவன் புறப்பட்டதை முன்பே அறிந்து, அவன் ஜைதுதானா என்று அறியாதிருப்பவனுக்குச் சொல்வது. அதனையே தலைகீழாக்கி அல்முன்தலிகு ஜைதுன் என்றால், தொலைவில் ஒருவன் போவதைக் கண்டு, இன்னான் என்று அடையாளம் தெரியாமல் நிற்பவனுக்குச் சொல்வது. மூன்றிலும் ஆளும் ஒருவன், செயலும் ஒன்று. கேட்பவன் முன்பே எதனை அறிவான் என்பதில்தான் வேறுபாடு.

வினாத்தொடரில் இது இன்னும் தெளிவாகும். அரபியில் வினா எழுத்தை அடுத்து வினைச்சொல் வந்தால் ஐயம் செயலைப் பற்றியது. பெயர்ச்சொல் வந்தால் ஐயம் செய்தவனைப் பற்றியது. தமிழ் மாணவர்க்கு இது விளங்குவது எளிது. நீ வீடு கட்டினாயா என்பதும், நீயா வீடு கட்டினாய் என்பதும் ஒன்றாகுமா? ஆகார வினா எச்சொல்லை ஒட்டுகிறதோ அச்சொல்லில் ஐயம் குடிகொள்ளும். கட்டி முடித்த வீட்டைக் கண்முன் வைத்துக்கொண்டு, இதனைக் கட்டினாயா என்று செயலை ஐயுற்று வினவுவது பேதைமை என்று இமாம் காட்டுகிறார். சிலைகள் உடைந்து கிடந்தபோது இப்ராஹீம் நபி (அலை) அவர்களிடம் அவர்தம் மக்கள் தொடுத்த வினாவை இதற்குச் சான்றாக்குகிறார். உடைப்பு நிகழ்ந்ததா என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. செய்தவர் அவரே என்று ஒப்புக்கொள்ளச் செய்வதே நோக்கம். அதனால் வினா செயலின்மீது விழாமல் ஆள்மீது விழுந்தது.

எதிர்மறையிலும் இவ்வாறே. நான் இதனைச் செய்யவில்லை என்பவன், அது செய்யப்பட்டதா என்பதுபற்றி எதுவும் சொல்லவில்லை. இதனைச் செய்தவன் நான் அல்லேன் என்பவன், வேறொருவன் செய்திருக்கிறான் என்று ஒத்துக்கொண்டே பேசுகிறான். சொல்லாத ஒன்றை அவன் சொல்லிவிட்டான். இன்றைய மொழியியலார் முற்கோள் என்று பெயரிட்டு ஆராய்வது இதனையே.

முன்னோர் சொன்னதை அப்படியே ஏற்கும் வழக்கம் அவரிடம் இல்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தொடரில் ஒரு சொல்லை முன்னே கொணர்வது ஏன் என்ற கேள்விக்கு, முதன்மை கருதியே என்று ஸீபவைஹி காலந்தொட்டு விடை கூறி வந்தனர். அவ்விடையை அவர் தவறென்னவில்லை, போதாது என்றார். முதன்மை என்ற சொல்லைச் சொல்லிவிட்டு நகர்வது சோம்பல் என்பது அவர் குற்றச்சாட்டு. எதனால் முதன்மை, யாருக்கு முதன்மை என்று சொல்ல வேண்டும். ஊரை நடுங்க வைத்த கலகக்காரன் ஒருவனை ஜைது கொன்றுவிட்டான். மக்களுக்குக் கொன்றவன் யார் என்பதில் அக்கறை இல்லை. அவன் ஒழிந்தானா என்பதே கேள்வி. ஆதலின் கலகக்காரனை முன்வைத்துச் செய்தி சொல்லப்படும். கொலைக்கு அஞ்சும் சாதுவான ஒருவன் யாரையோ கொன்றுவிட்டால், வியப்புக்குரியவன் கொன்றவனே. அவன் முன்னே வருவான்.

சொல்லாது விடுதலைப் பற்றி அவர் எழுதிய பகுதி நூலின் மணிமுடி எனலாம். சொல்லாமை சொல்லினும் மிகச் சொல்லும் இடங்கள் உண்டென்று கூறி, அதனை மாயவித்தைக்கு ஒப்பிடுகிறார். மத்யன் நகர்க் கிணற்றருகே மூஸா நபி (அலை) அவர்கள் கண்ட காட்சியைத் திருக்குர்ஆன் கூறுமிடத்தில் நீர் புகட்டினர், தடுத்துக்கொண்டிருந்தனர் என்று வினைகள் வருகின்றன; எதற்குப் புகட்டினர், எதனைத் தடுத்தனர் என்னும் செயப்படுபொருள் ஓரிடத்தும் சொல்லப்படவில்லை. ஆடுகளைத் தடுத்தனர் என்று கூறியிருந்தால், அவை ஆடுகளாக இருந்ததில் ஏதோ சிறப்புண்டு, ஒட்டகங்களாக இருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று கேட்போன் எண்ணம் சிதறக்கூடும். மக்கள் கூட்டம் நீர் புகட்ட, இரண்டு பெண்கள் ஒதுங்கி நிற்க, நபியவர்கள் இரங்கி உதவினார்கள் என்பதன்றோ சொல்ல வந்த செய்தி? செயப்படுபொருளை நீக்கியதால் உள்ளம் அச்செயல்களிலேயே நிலைகொள்கிறது. இவ்விளக்கத்தைப் படித்தபின் அவ்வசனத்தை ஓதுவோர்க்கு அதன் மௌனமும் செவியில் விழும்.

சொல்லிலிருந்து நேரே பெறும் பொருளை அவர் பொருள் என்றார். அப்பொருள் மற்றொரு பொருளுக்கு வழிகாட்டுமாயின், அதனைப் பொருளின் பொருள் என்றார். அரபியர் ஒருவனைப் புகழும்போது, அவன் அடுப்பில் சாம்பல் மிகுதி என்பர். வள்ளன்மை உடையவன் என்பது கருத்து. இக்கருத்து சாம்பல் என்ற சொல்லில் இல்லை. பின் எவ்வாறு பெற்றோம்? கேட்பவன் தன்னுள் ஆராய்கிறான். இது புகழ்ச்சியாகச் சொல்லப்பட்டது. சாம்பல் மிகுதியால் ஒருவனைப் புகழ்வதில் பொருளில்லை. ஆகவே பல பானைகள் ஏற்றி, விறகு மிக எரித்து, விருந்தினர்க்குச் சமைக்கிறான் என்று உணர்த்துவதே நோக்கமாக இருக்க வேண்டும். இவ்வாறு படிப்படியாகச் சென்று வள்ளன்மையை அடைகிறோம் என்று இமாம் விளக்குகிறார்.

இங்கிலாந்தில் பிறந்த மெய்யியலறிஞர் பால் கிரைஸ், 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில், பேசுவோன் வெளிப்படக் கூறியது பொருந்தாததாகத் தோன்றும்போது கேட்போன் அவன் உள்ளக்கருத்தை எவ்வாறு உய்த்துணர்கிறான் என்று படிமுறையாக விளக்கினார். அதன் ஒரு பகுதி 1975இல் அச்சாகி மொழியியலில் புதுவழி திறந்தது. புகழ்ச்சி என்று கொண்டோம், சாம்பலுக்குப் புகழ்ச்சி பொருந்தாது, எனவே வேறொன்று கருதப்பட்டது என்னும் ஜுர்ஜானியின் படிமுறையும் அதே பாதையில் செல்வதைக் காண்க. கிரைஸ் ஜுர்ஜானியைப் படித்தார் என்று சொல்வதற்கு இடமில்லை. உரையாடலுக்குப் பொதுவான நெறிகளைத் தேடினார் அவர். ஜுர்ஜானியோ கவிதையையும் வேதத்தையும் ஓதி நயம் கண்டவர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், பொருள் வெளிப்படையாக நிற்பதும் உண்டு, குறிப்பால் தோன்றுவதும் உண்டு என்று இருவகைப்படுத்தியது தமிழ்த்துறை மாணவர்க்கு இவ்விடத்தில் நினைவு வரும். இவையும் தனித்தனி ஊற்றுகளே.

அவருடைய மற்றொரு பெருநூல் 'அஸ்ராருல் பலாகா'. உவமை, உருவகம் முதலியன உள்ளத்தில் நிகழ்த்தும் மாற்றத்தை அது ஆராய்கிறது. சிங்கத்தைக் கண்டேன் என்று ஒருவன் சொன்னால் விலங்கைக் கண்டானா, வீரனைக் கண்டானா என்று தொடரளவில் தெரியாது. சூழலிலோ பேச்சிலோ ஒரு சான்று வேண்டும். அச்சான்றை அரபு அறிஞர் கரீனா என்பர். உருவகம் ஒரு பெயரைப் பெயர்த்து மற்றொன்றின்மேல் ஒட்டுவதன்று. வீரன் சிங்க இனத்தவனே என்று உரிமை கொண்டாடுவதாகும் என்று அவர் 'தலாயிலில்' மேலும் கூர்மைப்படுத்தினார்.

இவ்விரு நூல்களும் எளிதில் படிக்கத்தக்கன அல்ல. ஒரே வாதத்தை நான்கு இடங்களில் தொடங்குவார். எதிரியை வீழ்த்திய பின்னும் விடமாட்டார். மறுபடியும் எழுப்பி நிறுத்தி வீழ்த்துவார். அதிகாரப் பகுப்பைத் தேடுவோர் சலிப்படைவர். ஆனால் ஒரு கவிதையடியைக் கையில் எடுத்து, ஒரு சொல்லை நீக்கியும் இடம் மாற்றியும் காட்டி, இப்போது என்ன இழந்தாய் என்று வாசகனைக் கேட்கும் இடங்களில் அவருக்கு நிகர் அவரே.

ஹிஜ்ரி 471இல் (கி.பி. 1078) இமாம் மறைந்தார் என்பது பெருவழக்கு, 474 என்பாரும் உளர். ஸமக்ஷரீ தம் 'கஷ்ஷாஃப்' என்னும் திருக்குர்ஆன் விரிவுரையில் நள்ம் கொள்கையை வசனந்தோறும் செயற்படுத்திக் காட்டினார். ஃபக்ருத்தீன் ராஸீ இரு நூல்களையும் சுருக்கி ஒழுங்குபடுத்தினார். ஸக்காக்கீ (இறப்பு ஹிஜ்ரி 626) இவற்றை மஆனீ, பயான் என்று துறைகளாகப் பிரித்தார். கஸ்வீனீ அதனை மேலும் சுருக்கினார். தஃப்தாஸானீ அச்சுருக்கத்திற்கு உரை வரைந்தார். அவ்வுரையே 'முக்தஸருல் மஆனீ' என்ற பெயரில் தர்ஸே நிஸாமி மாணவர்க்குப் பாடமாயிற்று. கிந்தீயின் கதையிலிருந்து, அறியாதவனுக்கு ஒருவகை, ஐயுற்றவனுக்கு ஒருவகை, மறுப்பவனுக்கு ஒருவகை என்று மூன்று பிரிவுகள் பெயருடன் நிலைபெற்றன. பேச்சு நிலைமைக்குப் பொருந்தி வருவதே பலாகா என்று வரையறையும் அமைந்தது. ஒழுங்கு கிடைத்தது உண்மை. ஜுர்ஜானியிடம் உயிரோடு துடித்த எடுத்துக்காட்டுகள் பின்னோர் கையில் பெயர்ப்பட்டியலாக உலர்ந்தன என்பதும் உண்மையே. மாணவர் வகைகளை ஒப்பித்தனர். மூலநூல்கள் ஏட்டுச்சுவடிகளில் உறங்கின.

அவற்றை எழுப்பியவர் எகிப்தின் ஷைகு முஹம்மது அப்துஹு. அல்அஸ்ஹரில் பிற்கால உரைகளை ஒதுக்கிவிட்டு இவ்விரு நூல்களையே பாடமாக நடத்தினார். வெளியூர்ப் படிகளை வருவித்து ஒப்புநோக்கினார். அவர் மாணவர் ரஷீத் ரிழாவின் முயற்சியால் 'அஸ்ரார்' 1902இலும் 'தலாயில்' 1903இலும் கெய்ரோவில் அச்சேறின. ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ரிட்டர் 'அஸ்ராரை' 1954இல் இஸ்தான்புல்லில் செம்பதிப்பாக வெளியிட்டு, 1959இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

'தலாயிலுல் இஃஜாஸ்' நூலுக்கு 1984இல் கெய்ரோவில் சிறந்த பதிப்பைத் தந்தவர் மஹ்மூத் முஹம்மது ஷாகிர். அந்நூலில் இமாம் பெயர் சொல்லாமலேயே ஒருவரைப் பக்கம் பக்கமாக மறுத்துச் செல்கிறார். சொல்லின் சிறப்பைப்பற்றிய சில வாசகங்களை எடுத்தெடுத்து உடைக்கிறார். யாரை மறுக்கிறார், ஏன் இவ்வளவு சினம், ஏன் இத்தனை முறை என்பது ஷாகிருக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. முஃதஸிலாப் பேரறிஞர் காழி அப்துல் ஜப்பாரின் பல பாகங்கள் கொண்ட 'அல்முஃக்னீ' யெமன் நாட்டுச் சுவடிகளிலிருந்து மீட்கப்பட்டு 1960களில் அச்சாயிற்று. அதில் இஃஜாஸைப் பற்றிய 16ஆம் பாகத்தைப் படித்த ஷாகிர், ஜுர்ஜானி உடைத்த அதே வாசகங்கள் அங்கே இருக்கக் கண்டார். இமாமின் சொற்கள் ஒன்பது நூற்றாண்டுகளாக ஏட்டில் இருந்தன. அவை யாரை நோக்கிச் சொல்லப்பட்டவை என்பது அன்றுதான் தெரிந்தது.